முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள்

1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை (திறந்த மேல்பகுதி கார்) 1940-களின் கடைசியில் கட்டிய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) போலவே செய்யலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல ஆசைதான். ஆனால் அடுத்த பத்தியிலேயே செவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினைப் பரிந்துரைப்பது சரியில்லை. அந்த எஞ்சின் வந்ததே 1967-இல்! செவர்லேயின் சின்ன வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சின் வரிசையே 1955-இல்தான் தொடங்கியது.

நானாக இருந்தால் முதலில் ஒரு வருஷத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். 1948 என்று வையுங்கள். அதற்குப் பின் வந்த எந்தப் பாகமும் வண்டியில் ஏறக்கூடாது. அப்போது எஞ்சின் ஃபோர்டு அல்லது மெர்க்குரி ஃபிளாட்ஹெட் வி8 (வால்வுகள் தலையில் இல்லாமல், பிளாக் எனும் எஞ்சின் உடலிலேயே இருக்கும் பழைய வகை). மெர்க்குரியின் 239 கன அங்குல எஞ்சினே போதும். மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். ஃபிளாட்ஹெட் சூடாகும் என்று பயமுறுத்துவார்கள். புகை வழிகள் பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தின் ஊடாகப் போவதால் அது உண்மைதான். அதனால் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பிரேக்கைக் கட்டுரை தொடவே இல்லை. 1932 ஃபோர்டில் இருந்தது கம்பியால் இழுக்கும் பிரேக். ஃபோர்டுக்கு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் வந்தது 1939-இல். அந்தக் காலப் பையன்களும் பிந்தைய ஃபோர்டிலிருந்து அதைத்தான் கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டினார்கள், அதனால் வரலாறும் கெடாது, உயிரும் தப்பும். டயர் மட்டும் ரேடியல் (பிற்கால வகை) வேண்டாம், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். பெயின்டை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.