பருவநிலை வாக்குறுதியும் நீதிமன்றமும்

“பாரிஸ் ஒப்பந்தத்தை மீறினால் அபராதம் கிடையாது, அதனால் அரசை யாரும் எதுவும் செய்ய முடியாது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தில் அபராதப் பிரிவு இல்லைதான். அடுத்த பாதி தவறு.

நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் குடிமக்கள் சுமார் 900 பேரும் அரசு மீதே வழக்குப் போட்டார்கள். 1990-இல் இருந்த அளவோடு ஒப்பிட்டு 2020-க்குள் பசுமை இல்ல வாயு உமிழ்வை அரசு குறைந்தது 25 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று 2019 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு அடிப்படை பாரிஸ் ஒப்பந்தம் அல்ல, மனித உரிமைச் சட்டம்! இந்த வழக்கின் விளைவாக ஆம்ஸ்டர்டாமின் ஹெம்வெக் நிலக்கரி மின்நிலையம் முன்கூட்டியே மூடப்பட்டது. இலக்கும் எட்டப்பட்டது, கொரோனா முடக்கமும் கைகொடுத்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம், 2024-இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது.