பீக்கன் சொன்ன நீளம்

சனிக்கிழமை மத்தியானம், பெங்களூர் அல்சூர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு பேட்ச் தொகுப்பை, அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பை, படித்துக்கொண்டிருந்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்த சேலத்துத் தம்பி லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அனுப்பப்போகும் வைஃபை டிரைவர், அதாவது வைஃபை சிப்பை இயக்கும் நிரல். "ஊர் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் பாத்துருங்கண்ணா" என்றான். மொத்தம் பதினொன்று. முதல் எட்டும் சுத்தம். டேப் சரி, வரி நீளம் சரி, இந்த ஒழுங்கையெல்லாம் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் வாயே திறக்கவில்லை.

ஒன்பதாவதில் நின்றுவிட்டேன்.

சுற்றியுள்ள ரௌட்டர்கள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும் பீக்கன் அறிவிப்பிலிருந்து நெட்வொர்க் பெயரை எடுக்கிற இடம் அது. எஸ்எஸ்ஐடி என்கிற அந்தப் பெயர் 32 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் பெயருக்கு முன்னால் அதன் நீளத்தைச் சொல்ல ஒரு முழு பைட் இருக்கிறது. அதில் 255 வரை எழுதலாம். தம்பி 32 பைட்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பீக்கன் சொன்ன நீளத்தை அப்படியே, பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பிக்குக் கொடுத்திருந்தான். எவனாவது 200 என்று எழுதி அனுப்பினால் 200 பைட்டும் வந்து விழும், பக்கத்தில் இருப்பதையெல்லாம் அழித்துக்கொண்டு.

போன் போட்டேன். "அதான் ஃபர்ம்வேரே பாத்து வடிகட்டிருதே அண்ணா?" என்றான். சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளைச் சொல்கிறான்.

"எந்த ஃபர்ம்வேர்?"

"நம்ம சிப்போடது."

"அடுத்த வருஷம் வர்ற சிப்போடதும் வடிகட்டுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இந்த மாதிரி ஓட்டைக்கு பாஸ்வேர்ட் வேண்டாம். நீங்கள் அந்த நெட்வொர்க்கில் சேரவே வேண்டாம். டீக்கடையில் லேப்டாப் தன்பாட்டுக்கு ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் போதும். மிகைப்படுத்தவில்லை, 2019இல் ரியல்டெக் சிப்களுக்கான ஆர்டிஎல்வைஃபை டிரைவரில் இதே ஜாதித் தப்பு பிடிபட்டது. ரௌட்டர் இல்லாமல் கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வைஃபை டைரக்டில் வரும் ஒரு அறிவிப்பில், அனுப்புகிறவர் சொன்ன எண்ணிக்கையை உச்சவரம்பு பார்க்காமல் நம்பியிருந்தது. பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கெர்னலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சரிசெய்யத் தேவைப்பட்டதோ சில வரிகள்தான்.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்பேஸ் எங்கே, டேப் எங்கே என்று எழுதுவது ரிவ்யூ இல்லை. அதற்கு ஸ்கிரிப்ட் இருக்கிறது. (அந்த ஸ்கிரிப்டே 2020இல் வரிக்கு 80 எழுத்து என்ற வரம்பை 100 ஆக்கிவிட்டது. நம் ஆட்களில் சிலர் இன்னும் 80க்குச் சண்டை போடுகிறார்கள்.) படிக்கிறவர் கையில் பெரும்பாலும் அந்த சிப் இருக்காது. ஓட்டிப் பார்க்க வழியில்லை, யோசித்துத்தான் பார்க்க வேண்டும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய வைஃபை யுஎஸ்பி டாங்கிள் ஒன்று என் மேசையில் எப்போதும் கிடக்கும். எந்த டிரைவரைப் படித்தாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் பாதியில் இதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வேன். பின்னணியில் வரிசையில் நிற்கும் வேலையை நிறுத்தாமல் மெமரியை விடுவித்திருந்தால், அந்த வேலை பிறகு எழுந்து, இல்லாத வீட்டுக் கதவைத் தட்டும்.

பெங்களூரில் வைஃபை டிரைவர் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, அதில் தமிழ் பேசுகிறவர்களுக்கும். அடுத்தவர் டிரைவரைப் படிக்கிறவர்கள்தான் குறைவு. காரணம் சோம்பல் இல்லை. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் அப்ரைசலின்போது மேனேஜர் கேட்டது, "மூணு மாசத்துல எத்தனை பேட்ச் ஏத்தினே?" அந்த மூன்று மாதத்தில் நான் ஏற்றியது நாலு, படித்துத் திருத்தச் சொன்னது அறுபதுக்கு மேல். அந்த அறுபதை எழுத ஃபாரத்தில் கட்டமே இல்லை. இத்தனைக்கும் கெர்னலில் 'ரிவ்யூட்-பை' என்று பெயர் போட ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கமிட் வரலாற்றில், அதாவது மாற்றங்களின் பதிவேட்டில், நம் பெயரும் சேர்ந்தே நிற்கும். கெர்னல் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஹெச்.ஆருக்குத் தெரியவில்லை.

தம்பி நேற்று ராத்திரி புதுப் பதிப்பு அனுப்பினான். நீளத்தைச் சரிபார்க்கும் வரி வந்துவிட்டது, 32ஐத் தாண்டினால் அந்த பீக்கனையே தூக்கிப் போடுகிறது. ஆனால் கமிட் செய்தியில் 'ரிவ்யூவில் சொன்னபடி மாற்றம்' என்று மட்டும் எழுதியிருந்தான். ஏன் என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.