சேவ் எங்க மாமா?

போன சனிக்கிழமை அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். ஏழாம் ஆண்டு படிக்கிறான். வந்ததும் வராததுமாக என் போனை வாங்கிக்கொண்டு விறாந்தையில் இருந்து ஷட்டர்ட் பிக்ஸல் டன்ஜன் விளையாடத் தொடங்கினான். முக்கால் மணித்தியாலம் சத்தமே இல்லை. பிறகு ஒரு "ஐயோ". ஐந்தாவது தளத்தில் காத்திருக்கும் 'கூ' என்ற கறுப்புக் களிப் பிராணி அவனை முடித்துவிட்டது.

"சேவ் எங்க மாமா?"

"இதில அப்பிடி இல்லையடா. வெளிய போனா விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். செத்தா செத்ததுதான்."

"அப்ப திரும்ப முதல்ல இருந்தா?"

"ஓம்."

"அப்ப நான் இவ்வளவு நேரம் விளையாடினது எங்க போச்சு?"

அந்த நேரம் நான் அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறுது, குடி என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு கிழமையாக என்னோடேயே திரிகிறது. செத்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டிய இந்த வகைக் கேம்களை ரோக்லைக் என்பார்கள். அவற்றில் நான் இவ்வளவு ஆசை வைத்திருப்பதற்கான காரணம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கேம் விளையாடாதவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் பெயர். 1980 அளவில் கலிஃபோர்னியாவில் மைக்கல் டோய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் 'ரோக்' என்று ஒரு கேம் எழுதினார்கள். கென் ஆர்னல்ட் பிறகு சேர்ந்தார். படம் எதுவும் கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வருகிறதே அந்த அட் குறி, அதுதான் வீரன். ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்தும் 26 வகைப் பிராணிகள்: இசட் என்றால் ஸொம்பி, டி என்றால் டிராகன். பாதாளத்துக்குள் 26 தளம் இறங்கி யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அந்தக் காலத்துச் சாகசக் கேம்களை ஒருதரம் முடித்தால் அதோடு சரி. எழுதியவருக்கோ எல்லாம் முதலே தெரியும், அவருக்கு அதில் விளையாட ஒன்றும் இல்லை. தங்களையே திடுக்கிட வைக்கும் கேம் ஒன்று இவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அறைகளையும் பாதைகளையும் போட்டுக் கொடுக்கும்படி செய்தார்கள். செத்தால் அந்த உலகமும் போய்விடும். 1987இல் வந்த நெட்ஹாக்கிலிருந்து இன்றைக்குப் போனில் விளையாடுவது வரை எல்லாம் அந்த வம்சம்தான்.

எனக்கு இது அறிமுகமானது 2022இல். அந்த வருடத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போய்விட்டது, 60 டொலர் கேம் என்றால் 20,000 ரூபாய்க்கு மேல். டேட்டா போடவும் யோசிக்க வேண்டிய காலம். திருகோணமலையில், டைக் வீதிப் பக்கம் எங்கள் வீட்டில் இரவு முழுக்க இருட்டு. கடல் சத்தமும், கேற்றடியில் வந்து நிற்கும் மான்களின் காலடியும் மட்டும்தான். போனில் நாற்பது வீதம் சார்ஜ். இன்டர்நெட் தேவையில்லாத, காசு கேட்காத, விளம்பரம் போடாத ஒரு கேம் வேண்டும் என்று தேடித்தான் ஷட்டர்டை இறக்கினேன். வடாபு என்பவர் 2012இல் வெளியிட்ட பிக்ஸல் டன்ஜனை எடுத்து, இவன் டெபென்ஹம் என்ற ஒருவர் 2014 முதல் வளர்த்து வருவது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமென்றாலும் எடுத்துப் பார்க்கலாம்.

முதல் இரண்டு மாதம் நான் பத்தாம் தளத்தைக் காணவில்லை.

அதற்கு முதல் நான் விளையாடியதெல்லாம் பெரிய ஆர்பிஜி கேம்கள், அதாவது ஒரு வீரனை வளர்த்துக்கொண்டு கதைக்குள் போகும் கேம்கள். பெரும்பாலும் நண்பர்களின் வீட்டில், அவர்களின் கணினியில். அந்த வகைக் கேமில் அடித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல், லெவல் கூடினால் வாளும் கவசமும் பலம். ஒரு பொஸ்ஸை, அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியை, அடிக்க முடியாவிட்டால் காட்டுக்குள் போய் அதே ஓநாய்களை மூன்று மணித்தியாலம் அடித்துவிட்டு வந்தால் போதும். என் வீரன் நாற்பதாம் லெவலுக்குப் போயிருப்பான். கொன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நான் தொடங்கிய இடத்திலேயே நிற்பேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. லெவல் கூடக் கூட நான் கெட்டிக்காரனாகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ரோக்லைக்கில் அந்த ஏமாற்று எடுபடாது. மருமகன் செத்தபோது அவன் சேர்த்த வாள், கவசம், பொன், லெவல் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது அவன் மட்டும்தான். கூ தண்ணீருக்குள் நின்றால் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும், உப்பிக்கொண்டு நின்றால் அடுத்த அடி பலமாக விழும், அப்போது விலகிவிட வேண்டும். இதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அடுத்த முறை கீழே இறங்கும் பெடியன் வேறு ஒருவன். "எங்க போச்சு" என்று கேட்டாயே மருமகனே, உன்னட்டத்தான் வந்தது.

வெறும் மனப்பாடம் என்றும் இதை நினைக்கக் கூடாது. இன்றைக்குச் சிவப்பு மருந்து காயத்தை ஆற்றும். அடுத்த ரன்னில், அதாவது முதலிலிருந்து தொடங்கும் அடுத்த ஆட்டத்தில், அதே சிவப்பு உன்னைச் சுற்றித் தீ மூட்டும். நிறங்களைக் கேம் ஒவ்வொரு முறையும் மாற்றிப் போடுகிறது. ஆகவே சிவப்பு எது, நீலம் எது என்று கொப்பியில் எழுதி வைத்துப் பிரயோசனமில்லை. என்னவென்று தெரியாததை எங்கே நின்று குடிப்பது என்றுதான் பழக வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று குடி, தீப்பிடித்தால் உடனே தண்ணீருக்குள் காலை வை. பக்கத்தில் எதிரி இல்லாத நேரம் குடி. உயிர் முழுதாக இருக்கும்போது குடி. இந்த மூன்றையும் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எரிந்து எரிந்து பழகினேன்.

நெட்ஹாக் இன்னும் கடும். அதில் 'மிதக்கும் கண்' என்று ஒன்று இருக்கிறது. நீல நிறத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து. நகர்வது மிக மெதுவாக, தானாக வந்து அடிப்பதும் இல்லை. புதிதாக விளையாடுபவன் இது சுகமான இரை என்று போய் வாளால் ஒன்று போடுவான். அது திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான், உடம்பு விறைத்துவிடும், அசைய முடியாது. அந்த நேரத்தில் ஒரு சின்னப் பல்லி வந்து கடித்துக் கடித்தே கொன்றுவிடும். நான் அப்படித்தான் செத்தேன். கோபத்தில் மடிக்கணினியை மூடினேன், பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். அது ஒன்றுமே செய்யாமல் நின்றதே, நான் ஏன் போய் அடித்தேன்? அடிக்கக் கூடியதை எல்லாம் அடிக்க வேண்டும் என்று அதற்கு முதல் விளையாடிய கேம்கள் என்னைப் பழக்கியிருந்தன. எதைத் தொடாமல் தாண்டிப் போவது என்பதை முதலில் கேட்ட கேம் இதுதான்.

பிறகு அதில் 'எலும்புகள்' என்று ஒரு விஷயம் உண்டு. நீ செத்த தளத்தைக் கேம் சில வேளை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். மாதங்கள் கழித்து வேறு ஒரு வீரனோடு நீ அந்த ஆழத்துக்கு இறங்கும்போது உன் பழைய வீரனின் ஆவி அங்கே நிற்கும், அவன் சாமான்கள் பக்கத்தில் கிடக்கும், பெரும்பாலானவை சாபம் பிடித்தபடி. எனக்கு அது ஒருதரம்தான் நடந்தது. என் பெயரிலேயே ஓர் ஆவி. அவன் எந்த மூலையில் மாட்டிக்கொண்டான், எந்தப் பக்கம் ஓடியிருக்கலாம் என்று அந்த அறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. ஒரு கேம் எனக்கு என்னையே இப்படிக் காட்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெரிய கேம்களிலும் இந்தக் குணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்டன் ரிங்கை உப்புவெளியில் ஒரு நண்பனின் வீட்டில் பிளே ஸ்டேஷனில் விளையாடினேன். தொடக்க இடத்திலிருந்து வெளியே வந்ததும் பொன் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் ரோந்து போகிறான். ஒரு பின்னேரம் முழுக்க அவனிடம் செத்தேன். கடைசியில் நண்பன்தான் சொன்னான்: "அவனைச் சுத்திப் போடா, உலகம் பெருசு." அந்த வீரனை அந்த இடத்தில் நிறுத்தி வைத்ததே அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். எல்லாச் சண்டையும் இன்றைக்கே போட வேண்டியதில்லை என்று முதல் அரை மணித்தியாலத்திலேயே கேம் சொல்லிவிடுகிறது.

பல்டர்ஸ் கேட் 3இல் எனக்கு நடந்தது இதற்கு மாறு. அதில் முக்கியமான பேச்சுக்கெல்லாம் 20 முகத் தாயக்கட்டை உருளும். நான் என்ன செய்தேன்? தோற்றால் பழைய 'சேவ்'ஐ எடுத்து மறுபடி உருட்டினேன். ஒரு கதவடியில் ஏழு தரம் உருட்டியது ஞாபகம். இப்படியே பாதிக் கதை போய்விட்டது, ஒரு தோல்வி இல்லை. இன்றைக்கு அந்தப் பாதியில் எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. 2023 முடிவில் ஒரே ஒரு சேவ் மட்டும் தரும் ஹொனர் மோட் வந்தது. அதில் கொப்ளின் முகாமில் பேச்சுத் தோற்று, முகாம் முழுக்க எங்கள் மேல் விழுந்து, இரண்டு பேரை இழந்து மிச்சப் பேரோடு ஓடித் தப்பினேன். அந்த ஓட்டத்தை அடி அடியாக இப்பவும் சொல்வேன்.

கஷ்டம் என்ற பெயரில் நடக்கும் ஒரு சோம்பேறித்தனமும் உண்டு, அதில் எனக்குச் சரியான கோபம். 'ஹார்ட்' என்று தெரிவு செய்தால் எதிரியின் உயிரை இரண்டு மடங்காக்கிவிட்டு விடுவார்கள். புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை, அதே அடியை இரண்டு மடங்கு நேரம் அடிக்க வேண்டும். அதில் கூடுவது வேலை மட்டும்தான். ஸ்லே த ஸ்பயர் என்ற சீட்டுக் கேமைப் பாருங்கள். எதிரி அடுத்த முறை என்ன செய்யப் போகிறான், எத்தனை அடி விழும் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. எதையும் ஒளிக்கவில்லை. அப்படியிருந்தும் தோற்கிறோம், தோற்றால் காரணத்தைப் பெரும்பாலும் நம் கையில் இருந்த சீட்டுகளிலேயே தேட வேண்டியிருக்கிறது. கஷ்டத்தில் நேர்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஹேடிஸ் என்ற கேம் பற்றி எனக்கு இரண்டு மனம். செத்தால் வீட்டுக்குத் திரும்பி வருகிறாய், அங்கே எல்லோரும் நீ எப்படிச் செத்தாய் என்று விசாரிக்கிறார்கள், கதை நகர்கிறது. சாவையே கதையின் வழியாக்கியது பெரிய காரியம். ஆனால் அங்கே ஒரு கண்ணாடி இருக்கிறது, சேர்த்ததைக் கொடுத்து நிரந்தரப் பலம் வாங்கலாம். முப்பதாவது ரன்னில் வென்றபோது, வென்றது நானா கண்ணாடியா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷம் அரைவாசியாகப் போய்விட்டது. அதே கேமில் கோட் மோட் என்று ஒன்றும் உண்டு: 20 வீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 வீதம், கடைசியில் 80 வரை போகும். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கை நடுங்கும் ஒருவருக்கு, விரைவாக விரல் அசைக்க முடியாத ஒருவருக்கு, அந்தக் கதையின் முடிவைக் காணும் உரிமை எனக்கு இருக்கும் அளவுக்கு இருக்கிறது. அவர் அதைத் தானே தெரிந்து போடுகிறார். கண்ணாடி அப்படியில்லை, கேம் அதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீ முன்னேறிவிட்டாய் என்று சொல்கிறது.

'நேரம் வீணாகுது, பிள்ளை பழுதாகிறான்' என்று அக்கா சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. அவனுக்கு நாளைக்கு ஒரு ரன் என்றுதான் கணக்கு. செத்தால் போனை வைத்துவிட வேண்டும். இந்த வகைக் கேமுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் ஒரே ஒரு ரன் என்றால் அவன் ஒவ்வொரு கதவையும் யோசித்துத்தான் திறக்கிறான்.

நேற்று இரவு அக்காவின் போனிலிருந்து குரல் பதிவு வந்தது.

"மாமா, கூவை அடிச்சிட்டன். தண்ணிக்குள்ள இருந்து வெளிய வரும் வரைக்கும் நான் கதவடியிலயே நிண்டன். பிறகு பத்தாம் தளத்தில தெங்கு எண்ட பொஸ்ஸிட்ட செத்துட்டன். அவன் நிண்ட இடத்தில நிக்கிறானில்ல மாமா, பாஞ்சு பாஞ்சு போறான். நீங்க சொல்ல வேண்டாம், என்ன செய்யிறதெண்டு நானே பார்க்கிறன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரியென்று மட்டும் பதில் போட்டேன்.