உடை தெரிகிறது, ஆள் யார்?

ஓவியர் லியோத்தார் வரைந்த பெண் படம் எதையாவது யாராவது பகிர்ந்தால், கீழே ‘18ஆம் நூற்றாண்டுத் துருக்கிப் பெண்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். உடையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஆள் யாரென்று கேட்பதில்லை.

ழான் எத்தியேன் லியோத்தார் ஜெனீவாக்காரர். 1738இல் ஆங்கிலக் கனவான்கள் சிலரோடு இத்தாலியிலிருந்து கப்பலேறி, கியோஸ் தீவு, ஸ்மிர்னா எல்லாம் பார்த்து, அன்றைய துருக்கித் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார். 1742 வரை அங்கேதான். கறுப்பும் சிவப்புமான சுண்ணக்கட்டிகளை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரை நேரில் பார்த்து வரைந்தார். இது சின்ன விஷயமில்லை. அவருக்கு முன்பே அந்த ஊரில் இருந்து வரைந்த வான்மூர் என்பவரின் ஓவியங்களை வைத்து 1714இல் பாரிசில் அச்சான உடைப் படத் தொகுப்பைப் பார்த்துக் காப்பியடித்தே காலம் தள்ளிய ஓவியர்கள் பலர்.

சரி, எதிரே இருந்தது யார்? முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் உட்கார்ந்து படம் வரைய விடுவார்களா? (1717இல் பிரிட்டிஷ் தூதரின் மனைவியாகப் போன மேரி மாண்டேகு சீமாட்டியால் பெண்கள் குளிக்கும் ஹமாமுக்குள்ளேயே (பொதுக் குளியல் கூடம்) போக முடிந்தது. ஆனால் அவர் எழுதியவர், வரைந்தவர் இல்லை.) லியோத்தாருக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருந்த ஐரோப்பியக் குடும்பத்துப் பெண்களும் கிரேக்கப் பெண்களும்தான். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படத்தில் துருக்கி உடையில் இருப்பவர் எலென் கிளாவானி. அப்பா பிரெஞ்சு கான்சலாக இருந்தவர்.

ஜெனீவா அருங்காட்சியகத்தில் உள்ள ஹமாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எஜமானியும் வேலைக்காரச் சிறுமியும் ஈரத்தரையில் கால் படாதபடி உயரமான கட்டைச் செருப்பில் நிற்கிறார்கள். விரல் நுனியில் மருதாணிச் சிவப்பு. எஜமானி கையில் நீளமான புகைக்குழாய். ‘அசல் துருக்கி’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் அதே ஊரின் கலாத்தா பகுதியில் வாழ்ந்த ஐரோப்பிய வம்சத்துப் பெண்.

இதனால் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கூடித்தான் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு வேறு மதம், வேறு மொழி, ஆனாலும் ஊர்வழக்கப்படி உடுத்தி, மருதாணி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ‘துருக்கிப் பெண்’ என்று போட்டதும் அந்த வாழ்க்கை மொத்தமும் காணாமல் போகிறது.

லியோத்தாரும் மேற்கு நோக்கித் திரும்பிய பிறகு வருடக்கணக்கில் அதே உடையும் நீளத் தாடியுமாகத்தான் திரிந்தார். நல்ல விளம்பரம் வேறு! 1756இல் கல்யாணத்தின்போதுதான் தாடியை எடுத்தார். 1744இல் வியன்னாவில் தன்னையே வரைந்த படத்தில் தன் பெயர், சொந்த ஊர் ஜெனீவா, ‘துருக்கி ஓவியர்’ என்ற பட்டப்பெயர், வரைந்த ஊர், வருடம் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். அதை இதுவரை யாரும் ‘18ஆம் நூற்றாண்டுத் துருக்கி ஆண்’ என்று பகிர்ந்து நான் பார்த்ததில்லை.