லிசனிங் பார்: யாரைப் பார்த்து யார் செய்தது?

லிசனிங் பார் என்றால் நல்ல ஒலிக்கருவிகளில் இசைத்தட்டு கேட்பதற்கென்றே இருக்கும் பார். "வினைல் இசைத்தட்டுகள் மறுபடி விற்கத் தொடங்கிய பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளம்பிய ஃபேஷன் இது, ஜப்பான்காரர்கள் அதைச் சின்ன அறைக்குள் சுருக்கிக்கொண்டார்கள்" என்று இதைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கதையே தலைகீழ்.

டோக்கியோவின் ஷிபுயாவில் 'லயன்' என்ற காபிக்கடை 1926-இல் தொடங்கியது. போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, 1950-இல் திரும்ப எழுந்தது. அங்கே மேற்கத்தியச் செவ்வியல் இசைதான். நாற்காலிகள்கூட ஸ்பீக்கரைப் பார்த்தே இருக்கும். யோகோஹாமாவில் ஜாஸுக்கென்றே இருந்த 'சிகுசா' என்ற காபிக்கடை 1933-ஐச் சேர்ந்தது.

இப்படி இசை கேட்கும் கடைகள் ஏன் ஜப்பானில் வளர்ந்தன? முக்கியமான காரணம் காசு. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென். அமெரிக்க இசைத்தட்டு வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்குப் பெரிய செலவு. நல்ல ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடையில் ஒரு காபி வாங்கினால் போதும், மணிக்கணக்கில் கேட்கலாம். இன்றைய லிசனிங் பார்கள் அந்தக் கடைகளின் வழியில் வந்தவை.

அப்புறம், இந்தக் கடைகளில் "வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்" என்று சொல்வதும் பாதி உண்மைதான். லயனில் பேசக்கூடாது, சரி. ஆனால் மது பரிமாறும் சிறிய பார்கள் பலவற்றில் தணிந்த குரலில் பேசலாம். பெரும்பாலும் உரிமையாளரே கவுன்டருக்குப் பின்னால் நின்று இசைத்தட்டை மாற்றுவார். நாம் கேட்கும் பாட்டைப் போடுவாரா என்பது அவரவர் கடை, அவரவர் மனநிலை!

லண்டனில் பேசப்படும் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' என்ற லிசனிங் பார் திறந்தது 2013-இல். ஜப்பானியக் கடைகளைப் பார்த்துத்தான்.