பெரிய எழுத்தில் வந்த வரி

அமெரிக்க அதிபர் ட்ரம்ப் தன் சமூக வலைத்தளமான ட்ரூத் சோஷியலில் எதையாவது எழுதிப் போட்டால், மறுநாள் நம் பக்கங்களில் நடப்பது எப்போதும் ஒரே சண்டைதான். ஒரு கோஷ்டி, "ஒரு நாட்டின் அதிபர் பேசுகிற பேச்சா இது?" என்று தலையில் அடித்துக்கொள்ளும். இன்னொரு கோஷ்டி, "மனசில் பட்டதைச் சொல்கிறார், உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது" என்று கைதட்டும். அவர் ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்த 2017இலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் அவருடைய வாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த வாயோடு பெரிய தகராறு கிடையாது.

வட கொரியத் தலைவரைக் 'குட்டி ராக்கெட்காரன்' என்றதும், என் அணு ஆயுதப் பொத்தான் உன்னுடையதைவிடப் பெரியது என்று 2018 ஜனவரி 2ஆம் தேதி எழுதியதும் உலகத்துக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். நம் ஊர்ப் பொதுக்கூட்டங்களைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதெல்லாம் சாதாரணம். தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க ஒருவரைப் பேசவிடுவார்களே, அவர் இதைவிட நன்றாகத் திட்டுவார். எதுகை மோனையோடு வேறு.

ஆனால் அந்தப் பேச்சாளர் திட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினால், எந்த அலுவலகத்திலும் எந்தக் கோப்பும் நகராது. அதிபர் எழுதினால் நகரும். அவருடைய பதிவு சில நாள் வெறும் பேச்சு, சில நாள் ஆணை. எது எந்த வகை என்று எழுதியவர் சொல்வதில்லை, படிப்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ட்வீட்கள் அதிகாரபூர்வமானவையா என்று 2017 ஜூனில் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசரிடம் கேட்டார்கள். ஆமாம், அதிபரின் அதிகாரபூர்வ அறிக்கைகள்தான் என்றார். அடுத்த மாதமே, மாற்றுப்பாலினத்தவர் இனி ராணுவத்தில் எந்தப் பொறுப்பிலும் இருக்க முடியாது என்று காலையில் வரிசையாக ட்வீட் வந்தது. ராணுவத்தில் அப்போதே பணியில் இருந்தவர்களின் கதி என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டுப்படைத் தலைவர் ஜோசப் டன்ஃபோர்ட் மறுநாள் தளபதிகளுக்குக் குறிப்பு அனுப்பினார்: அதிபரின் உத்தரவு முறைப்படி பாதுகாப்பு அமைச்சருக்கு வந்து, அவர் நடைமுறை விதிகளைத் தரும்வரை எதுவும் மாறாது. நாட்டின் முதல் ராணுவ அதிகாரி, தன் அதிபர் எழுதியதைப் பார்த்து "பேப்பர் வரட்டும்" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு என்னதான் செய்வார்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை, பிடித்த என்று சொல்வது சரியில்லைதான், டோரியன் புயல் கதை. 2019 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. புயல் பஹாமாஸைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த காலை நேரம். எந்தெந்த மாநிலங்களுக்கு எதிர்பார்த்ததைவிடக் கடுமையான பாதிப்பு வரும் என்று பட்டியல் போட்ட ட்ரம்ப், அதில் அலபாமாவையும் சேர்த்துவிட்டார். அன்றைய கணிப்பில் அலபாமா இல்லை. அங்கே இருக்கிற ஜனங்களுக்குப் பயம் வராதா? அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள வானிலை அலுவலகத்துக்கு ஃபோன் மேல் ஃபோன். சுமார் இருபது நிமிடத்தில் அந்த அலுவலகம் பதிவிட்டது: டோரியனால் அலபாமாவுக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது. அவர்கள் அதிபரோடு மல்லுக்கட்டவில்லை. பயந்துபோய்க் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். யாருக்கும் தவறுவதுதான், விட்டுவிடலாம். ஆனால் மூன்று நாள் கழித்து வெள்ளை மாளிகையில் காட்டிய புயல் வரைபடத்தில், அலபாமாவையும் தொடுகிற மாதிரி கறுப்பு மார்க்கரில் ஒரு வளைவு கூடுதலாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வானிலைத் துறையின் தாய் நிறுவனமான நோவாவிடமிருந்து கையெழுத்தே இல்லாத ஓர் அறிக்கை. பர்மிங்ஹாம் அலுவலகம் அத்தனை உறுதியாகச் சொன்னது சரியல்லவாம். அதாவது, சரியாகச் சொன்னவர்களைத் தலைமையே கைவிட்டது. அதன் பிறகு நடந்த கூட்டமொன்றில் தேசிய வானிலைச் சேவையின் இயக்குநர் லூயி உச்செலினி, பர்மிங்ஹாம் ஆட்களை எழுந்து நிற்கச் சொன்னார், அரங்கம் கைதட்டியது. 2020இல் விசாரணைக் குழு, நோவாவின் அப்போதைய தற்காலிகத் தலைவர் நீல் ஜேக்கப்ஸ் அறிவியல் நேர்மை விதிகளை மீறினார் என்று சொன்னது. 2025இல் நோவாவின் தலைமைப் பதவிக்கு ட்ரம்ப் யாரை முன்மொழிந்தார் தெரியுமா? அதே நீல் ஜேக்கப்ஸை.

இந்தக் கதை முழுக்கத் தேடினாலும் ஒரு கெட்ட வார்த்தை கிடைக்காது. அதனால்தான் சொல்கிறேன், 'நாகரிகமா அநாகரிகமா' என்கிற வாதம் நம்மைத் தப்பான வாசலில் நிறுத்திவைக்கிறது. அந்த ட்வீட் மரியாதையாகத்தான் இருந்தது, பத்திரமாக இருங்கள் என்றுகூட முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், ஒருவர் யாரையும் கேட்காமல் எழுதியதை, எழுதிய பிறகு உண்மையாக்க ஓர் அரசாங்கமே ஓடவேண்டியிருந்ததில்.

ட்வீட் போட்டே வேலையிலிருந்து தூக்கியதெல்லாம் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் 2018 மார்ச்சில் ட்வீட்டில் போனார். காரணம் அவருக்கே தெரியாது என்று சொன்ன துணைச் செயலர் ஸ்டீவ் கோல்ட்ஸ்டைனும் அன்றைக்கே போனார். 2020 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் மார்க் எஸ்பரும் அப்படியே.

சரி, ஆதரவாளர்கள் தரப்பில் நான் மதிக்கிற ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் வடிகட்டித் தருவதைவிட, தலைவர் நேரே மக்களிடம் பேசுவது நல்லதுதானே? அந்தக் கால அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசவில்லையா? பேசினார். 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு. நாடு முழுக்க வங்கிகள் மூடிக்கிடந்த நேரம். வங்கி உங்கள் பணத்தை என்ன செய்கிறது, ஏன் மூடினோம், நாளைக்கு எந்த ஊர்களில் திறக்கும், நாளை மறுநாள் எங்கே என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். திறந்த பிறகு மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். ஆனால் அவர் பேச உட்கார்ந்தபோது முடிவு எடுத்தாகிவிட்டது, சட்டம் நிறைவேறிவிட்டது, யார் என்ன செய்யவேண்டும் என்பதும் தயார். பேச்சு அதற்கான விளக்கம். இங்கே முதலில் பதிவு வருகிறது, விளக்கத்தை அதிகாரிகள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

'மனசில் பட்டதைச் சொல்கிறார்' என்பவர்கள் 2025 ஏப்ரல் 9ஆம் தேதியையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ட்ரம்பின் இறக்குமதி வரி அறிவிப்பால் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்து கிடக்கிறது. காலையில் அதிபர், வாங்குவதற்கு இது அருமையான நேரம் என்று எழுதுகிறார். சில மணி நேரத்தில், பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரிகளை 90 நாள் நிறுத்திவைப்பதாக இன்னொரு பதிவு. அந்தச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. காலையில் அவர் மனசில் என்ன இருந்தது? பதிவை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. இதை வெளிப்படைத்தன்மை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது என் ஊர்க் கதைக்கு வருகிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் வேலை பார்க்கிறேன். 2025 நடுவில் இங்கிருந்து போன சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். 2025 ஜூலை 30 மாலை அந்தப் பதிவு வந்தது. இந்தியா நண்பன்தான், ஆனால்... என்று ஆரம்பித்து, கடைசியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்: ஆகஸ்ட் 1 முதல் 25 சதவீத வரி, அதோடு ரஷ்யாவிடம் எண்ணெயும் ஆயுதமும் வாங்குவதற்கு ஓர் அபராதமும். அபராதம் எவ்வளவு? பதிவில் இல்லை. மறுநாள் இந்தியாவும் ரஷ்யாவும் தங்கள் செத்த பொருளாதாரங்களோடு சேர்ந்து மூழ்கட்டும் என்று இன்னொன்று. தொலைக்காட்சி விவாதம் எல்லாம் அந்த 'செத்த' பற்றித்தான். எங்களை உறுத்தியது அது இல்லை, அந்த எண் இல்லாத அபராதம்.

தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் வரி ஏறியதும் பையர், அதாவது நம்மிடம் வாங்குகிற அந்த கம்பெனி, முதலில் செய்கிற காரியம், நமக்கு மெயில் போட்டு விலையைக் குறைக்கச் சொல்வது. ஒரு டி-ஷர்ட்டுக்கு காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போடும்போது நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று சென்ட் கணக்கில் எழுதுவோம். 'அபராதம்' என்ற இடத்தில் என்ன போடுவது? வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம் என்று அப்போது பையருக்குத் தெரியும். எங்களுடையது எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 6ஆம் தேதி முறைப்படி ஆணை வந்தபோதுதான் இன்னொரு 25 என்று தெரிந்தது. ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 ஆனது.

அந்த ஆணையை யாரும் ஷேர் செய்யவில்லை. படிக்கவே தூக்கம் வரும். ஆனால் அதில் ஒரு பிரிவு இருந்தது: ஆகஸ்ட் 27க்கு முன்பே கப்பலில் ஏற்றிய சரக்கு செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கூடுதல் 25 கிடையாது. எதை அவசரமாக முடித்துத் தூத்துக்குடிக்கு அனுப்புவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க அது போதும். பதிவில் இந்த மாதிரி ஒரு வார்த்தையும் இல்லை. வரி 50 ஆனது அநியாயம்தான், அது வேறு சண்டை. அநியாயத்துக்கும் தேதி, அளவு, விதிவிலக்கு என்று விவரம் வேண்டும். அந்த விவரம் சுவையில்லாத காகிதத்தில்தான் இருக்கும்.

ஜூலை 30 பதிவுக்கு இந்திய அரசு கொடுத்த பதிலை அன்றைக்கு நம் ஆட்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அறிக்கையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம், அதன் விளைவுகளை ஆராய்கிறோம் என்று தொடங்கிய ஒரு சின்ன அறிக்கை. முதுகெலும்பு இல்லை, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டாமா என்று எத்தனை மீம்! எனக்கு டெல்லி மீது வேறு குறைகள் நிறைய உண்டு. ஆனால் அன்றைக்கு டெல்லியிலிருந்தும் ஒரு பதிலடிப் பதிவு பெரிய எழுத்தில் வந்திருந்தால், எங்கள் காஸ்டிங்கில் இன்னொரு காலி இடம் கூடியிருக்கும்.

கமெண்ட்டில் ஒருவர் கண்டிப்பாக வந்து எழுதுவார்: அமெரிக்கர்கள் இதெல்லாம் தெரிந்துதானே 2024இல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், உனக்கென்ன வந்தது என்று. உண்மைதான், ஏழரைக் கோடிக்கும் மேல் ஓட்டு. அவர்கள் நாடு, அவர்கள் அதிபர், அவர் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். நான் கேட்பது, வரி போடுகிறவர் எவ்வளவு என்பதையும் அதே பதிவில் எழுதட்டும் என்பதைத்தான்.