ஓரமாப் போ என்கிறீர்களே, ஓரம் எங்கே?

முந்தாநாள் சாயங்காலம் என் மகள் முழங்கால் தோல் உரிந்து வந்து நின்றாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. பென்னாகரம் ரோட்டில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, இவள் ஒதுங்கியிருக்கிறாள். தார் முடிகிற இடத்தில் மண் ஒரு சாண் கீழே கிடக்கிறது. முன் சக்கரம் அதில் இறங்கியது, பிள்ளை கீழே.

தூக்கிவிட்ட மனுஷன் கேட்டாராம், "ஏம்மா, பார்த்து ஓரமாப் போகக் கூடாதா?" ஓரமாகப் போனதால்தானய்யா விழுந்தாள்!

அந்த ஒரு சாண் பள்ளம் மழையில் வந்ததல்ல. தோசைமேல் தோசை ஊற்றுகிற மாதிரி பழைய தார்மேல் புதுத் தாரை ஊற்றி ஊற்றி வந்தது. ரோடு ஏறிக்கொண்டே போகிறது, மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் பக்கம் போட்டவர்களுக்கு அந்தக் காகிதம் கண்ணில் படவில்லை போல. இரண்டு பக்கமும் கொஞ்சம் கிராவல் மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டியிருந்தால்கூடப் போதுமே. அதுவும் இல்லை.

சரி, சைக்கிளே வேண்டாம், நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? நடைபாதை என்று எங்களுக்கு வாய்த்தது சாக்கடை ஸ்லாப். அதன் உயரம் என் மாமியாருக்கு முழங்கால் வரை. ரேஷன் கடைக்குப் போக அவர் அதில் ஏறி, நாலு தப்படி வைத்து, உடைந்த ஸ்லாப் வந்ததும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அப்புறம் வரிசையாக பைக்குகள். அதனால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டிலேயே நடக்கிறார், முதுகுக்குப் பின்னால் லாரி வருகிறது. நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்று ரோடு எப்படிப் போட வேண்டும் என்று தரம் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு விதி எழுதி வைத்திருக்கிறது. நடைபாதை, அரசியல் சட்டத்தில் உயிர் வாழும் உரிமையைச் சொல்கிற 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாமியாரிடம் சொன்னேன். "அப்படியா, ஏறுறதுக்கு முதல்ல ஒரு படி வெச்சுத் தரச் சொல்லு" என்றார்.

சனி, ஞாயிறு வந்தால் ஒகேனக்கல் போகிற கார்கள் வேறு. 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு போர்டு நிற்கிறது, பாவம், அதை யார் படிக்கிறார்கள்? நேராக, அகலமாக, வழுவழுவென்று ரோட்டைப் போட்டுக் கொடுத்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். வேகத்தைக் குறைக்க ரோட்டையே மாற்ற வேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஜீப்ரா கிராசிங்கை மேடை மாதிரி உயர்த்திப் போட்டால் எந்த டிரைவரும் பிரேக்கைத் தொட்டே தீருவான். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு வைத்தால் கிழவிகூடப் பாதிப் பாதியாகக் கடந்துவிடுவாள். தெரு முனைகளை அகலமாக வளைத்து விடாமல் இறுக்கிக் கட்டினால் திரும்புகிற வண்டி வேகம் குறைக்காமல் திரும்ப முடியாது. ராக்கெட் விஞ்ஞானமா இது? சிமெண்டும் ஜல்லியும்தான். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அறுபதில் இடித்தால் அந்த நம்பிக்கையே வேண்டாம்.

2022-ல் நாடு முழுக்க ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32 ஆயிரத்துக்கு மேல் வெறுமனே நடந்து போனவர்கள். ரோட்டைத் தப்பாக வடிவமைத்து அதனால் ஆள் செத்தால் போட்டவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள். ஒரு உயிருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம்! ஹெல்மெட் போடாதவனை மட்டும் மறக்காமல் பிடிக்கிறார்கள்.

சைக்கிள் கடைக்காரர் ஹேண்டில்பாரை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார். "முன் ரிம்மும் கொஞ்சம் கோணிப்போச்சு அக்கா, பள்ளத்துல இறங்கின சைக்கிள் எல்லாம் இப்படித்தான் வருது" என்கிறார். வீட்டுக்காரரோ, "இனிமே டவுன் பஸ்ல போகட்டும், ஃப்ரீதானே" என்கிறார். பஸ் ஸ்டாப் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.